ஆய்வுக் கட்டுரைகள் அதிகம் எழுதியவர்தான் அப்பாவுக்குச் சரியான மருத்துவரா?

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு 62 வயது. மஞ்சள் காமாலை என்று மருத்துவரிடம் போனபோது எடுத்த ஸ்கேனில், கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி இருப்பது தெரிந்தது. பயாப்ஸியில் புற்றுநோய் என்று உறுதியானது. கட்டி பெரிய ரத்தக்குழாய்களைப் பிடிக்கவில்லை, கல்லீரலுக்கும் பரவவில்லை, அறுவை சிகிச்சையில் எடுத்துவிடலாம் என்று மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு வாரத்தில் அறுவைக்குத் தேதி கொடுத்தாயிற்று. அதன் பிறகு கீமோதெரபி.

இந்த நேரத்தில் வாசகியின் தம்பி இணையத்தில் தேடி, கணையப் புற்றுநோய் ஆய்வில் பெயர்பெற்ற ஒரு பேராசிரியரைக் கண்டுபிடித்திருக்கிறார். 400க்கும் மேற்பட்ட கட்டுரைகள், எச்-இண்டெக்ஸ் 70க்கு மேல், உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள் பட்டியலில் இடம். ஆனால் அவரைப் பார்க்க ஏழு வாரம் காத்திருக்க வேண்டும். இப்போது பார்க்கும் அறுவை மருத்துவரின் பெயரில் 11 கட்டுரைகள்தான் இருக்கின்றன. "அப்பாவின் உயிர் விஷயத்தில் 400ஐ விட்டுவிட்டு 11ஐ நம்புவதா?" என்று தம்பி கேட்கிறார். பேராசிரியரின் அலுவலகத்துக்கு எழுதியதில், முதல் கட்ட மருந்துப் பரிசோதனை ஒன்று நடக்கிறது, அதில் சேர வாய்ப்பிருக்கலாம் என்று பதில் வந்திருக்கிறது. வாசகி தானும் தேடிப் பார்த்தபோது, அந்தப் பேராசிரியரின் கட்டுரை ஒன்று 'திரும்பப் பெறப்பட்டது' என்ற குறிப்போடு கிடப்பதைப் பார்த்திருக்கிறார். தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை. "யாரிடம் போவது? இந்த எண்களை எப்படிப் புரிந்துகொள்வது? தேதியைத் தள்ளிவைத்தால் ஆபத்தா? தப்பு செய்துவிடுவோமோ என்று தூக்கமே வரவில்லை" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

நேராக விஷயத்துக்கு வருகிறேன். கொடுத்த அறுவைத் தேதியை விட்டுவிடாதீர்கள். அந்தத் தேதியை வைத்துக்கொண்டே, அப்பாவின் ஸ்கேன், பயாப்ஸி அறிக்கைகளைப் பேராசிரியருக்கு இன்றே அனுப்பி, எழுத்தில் ஒரு கருத்துக் கேளுங்கள். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நீங்களும் தம்பியும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்படி ஒரு கட்டாயமே இல்லை.

அவசரம் ஏன் என்று சொல்லிவிடுகிறேன். கணையப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படும்போது, நூறு பேரில் ஏறக்குறைய 15 முதல் 20 பேருக்குத்தான் கட்டியை அறுவையில் எடுக்கும் நிலை இருக்கும். உங்கள் அப்பா அந்தச் சிறு கூட்டத்தில் இருக்கிறார். அந்த வாய்ப்பு அப்படியே காத்துக்கொண்டிருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பொதுவாக அறுவைக்கு முந்தைய நான்கு வாரத்துக்குள் எடுத்த ஸ்கேன் கையில் இருக்க வேண்டும் என்று வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. ஏழு வாரம் கழித்துப் போனால் ஸ்கேனையே மறுபடி எடுக்க வேண்டிவரும். அதில் வேறு படம் தெரிந்தால் என்ன செய்வது? ஒரு விளக்கம்: சில நோயாளிகளுக்கு முதலில் சில மாதம் கீமோ கொடுத்துவிட்டு, பிறகு அறுவை செய்வதும் உண்டு. அது சிகிச்சையின் ஒரு பகுதி. எந்தச் சிகிச்சையும் இல்லாமல் ஒரு அப்பாயின்ட்மென்டுக்காக ஏழு வாரம் உட்கார்ந்திருப்பதை அதோடு சேர்க்கக் கூடாது. அப்பாவின் ஸ்கேனை நான் பார்க்கவில்லை. முதலில் கீமோவா, அறுவையா என்பதை அவரைப் பார்க்கும் குழுதான் சொல்ல வேண்டும். நீங்கள் அதைக் கேட்கலாம், கேட்க வேண்டும்.

சரி, இப்போது அந்த எண்கள்.

எச்-இண்டெக்ஸ் எதைச் சொல்கிறது?

2005ல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் இந்தக் கணக்கை முன்வைத்தார். எச்-இண்டெக்ஸ் 70 என்றால், அந்த ஆய்வாளரின் கட்டுரைகளில் 70 கட்டுரைகளை, ஒவ்வொன்றையும் குறைந்தது 70 முறை, மற்ற கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருக்கின்றன என்று அர்த்தம். அவ்வளவுதான். சாதாரண சாதனை என்று நான் சொல்லமாட்டேன். பல ஆண்டு உழைப்பும், அந்தத் துறையில் இருப்பவர்கள் அவர் எழுதுவதைப் படிக்கிறார்கள் என்பதும் அதற்குள் இருக்கிறது. உங்கள் தம்பி அதைப் பார்த்து மதிப்பு வைத்தது நியாயம்.

ஆனால் அந்த எண் ஒருபோதும் இறங்காது. வயது கூடக்கூட அதுவும் கூடும். பெரிய துறையில் இருப்பவருக்கு வேகமாக ஏறும், அரிதான புற்றுநோய் ஒன்றை ஆராய்பவருக்கு மெல்ல ஏறும். ஐந்தே கட்டுரை எழுதி, ஒவ்வொன்றும் ஐயாயிரம் முறை மேற்கோள் காட்டப்பட்டாலும் அவருடைய எச்-இண்டெக்ஸ் 5தான். தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டினாலும் கணக்கில் சேரும். ஒரு கட்டுரை தவறு என்று சொல்வதற்காக அதைக் குறிப்பிட்டாலும் அதுவும் ஒரு மேற்கோள்தான். கூகுள் ஸ்காலர், ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் என்று கட்டுரைகளைத் தேடும் மூன்று தளங்களில் பார்த்தால் ஒரே ஆளுக்கு மூன்று எண் வரும், ஏனென்றால் ஒவ்வொன்றும் வேறு வேறு இதழ்களைக் கணக்கில் எடுக்கிறது.

எந்த வகைக் கட்டுரைக்கு மேற்கோள் குவிகிறது என்பதையும் பாருங்கள். உலகிலேயே மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளில் முதலிடத்தில் இருப்பது, 1951ல் ஆலிவர் லௌரியும் உடனிருந்தவர்களும் எழுதியது. ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறை அது. ஆய்வகத்தில் எல்லோருக்கும் தேவை, அதனால் எல்லோரும் குறிப்பிட்டார்கள். புற்றுநோய்த் துறையில் ஹனஹனும் வைன்பெர்க்கும் 2000ல் எழுதிய, புற்றுநோய் செல்களின் பொதுக் குணங்களைத் தொகுத்துச் சொன்ன கட்டுரைக்கு மேற்கோள்கள் மலைபோல் குவிந்திருக்கின்றன. அது தொகுப்புரை, மிகச் சிறந்த தொகுப்புரை. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் மருத்துவ இதழுக்கு இம்பாக்ட் ஃபேக்டர் (இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண்) வானளவு இருப்பதற்கு முக்கியக் காரணம், ஆண்டுதோறும் அது வெளியிடும் புற்றுநோய்ப் புள்ளிவிவரக் கட்டுரை. புற்றுநோய் பற்றி யார் எழுதினாலும் முதல் வரியில் அந்தப் புள்ளிவிவரத்தைக் குறிப்பிடுவார்கள். இவை எல்லாமே பயனுள்ள வேலைகள். இவற்றில் எதுவும், எழுதியவர் ஒரு நோயாளியின் வயிற்றைத் திறந்தால் என்ன நடக்கும் என்பதைச் சொல்வதில்லை.

முதல் 2 சதவீதப் பட்டியலும் மேற்கோள்களை வைத்துப் போடப்படுவதுதான். தனியாக எழுதியது, முதல் பெயராகவோ கடைசிப் பெயராகவோ எழுதியது என்று கொஞ்சம் நுணுக்கமாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். அதனால் எச்-இண்டெக்ஸைவிட மேல். ஆனாலும் அதில் ஒருவர் எத்தனை நோயாளிகளைப் பார்த்தார், அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்ற கேள்வியே கிடையாது. ஆய்வாளரை எண்ணால் மட்டும் மதிப்பிடாதீர்கள், எழுதியதைப் படித்து மதிப்பிடுங்கள் என்று ஆய்வுலகமே தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறது. 2012ல் சான் பிரான்சிஸ்கோவில் கூடி எழுதிய அறிக்கை அதைத்தான் கேட்கிறது.

400 கட்டுரைகளில் அவருடையது எது?

மருத்துவ, உயிரியல் கட்டுரைகளில் பெயர் வரிசைக்கு ஒரு வழக்கம் உண்டு. பெரும்பாலும் முதலில் வருபவர் வேலையைச் செய்து எழுதியவர். கடைசியில் வருபவர் அந்தக் குழுவின் தலைவர். நடுவில் வருபவர்கள் மாதிரி கொடுத்தவர்களாக இருக்கலாம், கணக்குப் போட்டவர்களாக இருக்கலாம், நோயாளிகளைச் சேர்த்தவர்களாக இருக்கலாம். பெரிய ஆய்வகத்தை இருபது முப்பது ஆண்டு நடத்தும் ஒருவருக்கு 400 சாத்தியம்தான். அதில் எத்தனையில் அவர் முதலிலும் கடைசியிலும் இருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள், படம் தெளிவாகும். இன்னொன்றும் செய்யுங்கள்: ஒரே பெயர் கொண்ட வேறு ஒருவரின் கட்டுரைகளும் கூகுள் ஸ்காலர் பக்கத்தில் கலந்துவிடுவது உண்டு. ஆர்க்கிட் என்ற 16 இலக்க அடையாள எண் அவருக்கு இருந்தால், அதன் பக்கத்தில் சரிபார்த்துவிடுங்கள்.

கட்டுரையில் பெயர் இல்லாததால் பங்கு இல்லை என்றும் ஆகிவிடாது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தியாவில் பிறந்த மருந்து ஆய்வாளர் எல்லாப்பிரகட சுப்பாராவ் ஞாபகம் வரும். 1948ல் சிட்னி ஃபார்பரும் நான்கு பேரும் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கடும் ரத்தப் புற்றுநோய் இருந்த 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்து, 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்ததைக் காட்டிய கட்டுரை. கீமோதெரபியின் தொடக்கங்களில் ஒன்று அது. அந்த மருந்து வந்தது லெடர்லே என்ற அமெரிக்க மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில் சுப்பாராவ் நடத்திய குழுவிலிருந்து. கட்டுரையின் ஐந்து ஆசிரியர்களில் அவர் பெயர் இல்லை. அதே ஆண்டு அவர் காலமானார். இன்று தம்பி செய்ததுபோல் ஆசிரியர் பெயர்களை மட்டும் பார்த்தால், அந்தக் கட்டுரையில் அவர் இருந்த தடமே தெரியாது.

எலியிலா, மனிதரிலா?

பேராசிரியரின் பட்டியலைத் தம்பியோடு உட்கார்ந்து படியுங்கள் என்று சொல்வேன். பப்மெட் என்ற தளம் இலவசம். அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் நடத்துவது. அவர் பெயரைப் போட்டு, கடந்த ஐந்து ஆண்டுக் கட்டுரைகளின் சுருக்கங்களை மட்டும் படித்தால் போதும். ஒவ்வொன்றிலும் ஒரே கேள்வி: இது எங்கே நடந்தது? தட்டில் வளர்த்த செல்களிலா, எலியிலா, நோயாளிகளிலா? நோயாளிகள் என்றால் எத்தனை பேர், இரண்டு குழுவாகப் பிரித்து ஒப்பிட்டார்களா, இல்லை பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டினார்களா?

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய ஐந்தாறு தலைப்புகளைப் பார்த்தேன். எல்லாமே செல்லிலும் எலியிலும் செய்தவை. இது அவர்மேல் குறை சொல்வதற்காக இல்லை. அங்கிருந்துதான் எல்லா மருந்தும் கிளம்புகிறது. ஆனால் அங்கிருந்து நோயாளிக்கு வரும் வழி மிக நீளம். 2012ல், ஆம்ஜென் மருந்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் புற்றுநோய்த் துறையில் முக்கியமானவை என்று கருதப்பட்ட 53 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்ததில், 6ல் மட்டுமே அதே முடிவு உறுதியானதாக எழுதினார்கள். பிறகு வேறொரு குழு பல ஆண்டுகள் உழைத்து, 2021ல் முடிவுகளை வெளியிட்டது. 53 கட்டுரைகளில் இருந்து 193 பரிசோதனைகளை மறுபடி செய்யத் திட்டமிட்டார்கள். 23 கட்டுரைகளைச் சேர்ந்த 50 பரிசோதனைகளைத்தான் செய்து முடிக்க முடிந்தது. மற்றவற்றுக்குத் தேவையான விவரமோ பொருளோ கிடைக்கவில்லை. செய்ததிலும், விளைவின் அளவு நடுமதிப்பாகப் பார்த்தால் முதலில் சொன்னதைவிட 85 சதவீதம் சிறியதாக இருந்தது. இவையெல்லாம் நல்ல இதழ்களில் வந்து, நிறைய மேற்கோள் பெற்ற கட்டுரைகள்.

இங்கேதான் தம்பியின் கணக்கு எனக்கு உடன்பாடு இல்லை. ஆய்வாளரின் பெருமையே, அவர் கண்டுபிடித்தது அவரைப் பார்க்காத நோயாளிக்கும் போய்ச் சேர்வதில்தான் இருக்கிறது. எடுத்துக்காட்டாக, கணையக் கட்டியை எடுத்த பிறகு எந்தக் கீமோ நல்லது என்ற கேள்விக்கு, பிரான்சிலும் கனடாவிலும் 77 மையங்களில் 493 நோயாளிகளை வைத்து ஒரு பெரிய பரிசோதனை நடந்து, 2018ல் முடிவு வந்தது. நான்கு மருந்துகள் சேர்ந்த சிகிச்சை பெற்றவர்களில் பாதிப் பேர் 54 மாதத்துக்கு மேல் உயிரோடு இருந்தார்கள். பழைய ஒற்றை மருந்து பெற்றவர்களில் அது 35 மாதம். உடல் தாங்குபவர்களுக்கு மட்டுமே அந்தச் சிகிச்சை பொருந்தும், ஒவ்வொருவருக்கும் அதே அளவு பலன் என்றும் சொல்ல முடியாது. ஆனால் அந்த முடிவு வந்தபின், அதை எழுதியவர்களிடம்தான் போக வேண்டும் என்ற தேவை யாருக்கும் இல்லாமல் போனது. வழிகாட்டு நெறிகளில் ஏறி, உங்கள் மருத்துவமனையின் கீமோ மருத்துவர் மேசைக்கு வந்துவிட்டது. அறுவைக்குப் பின் என்ன கீமோ என்று அவரிடம் கேளுங்கள். அவர் இதைப் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்க்கிறேன்.

திரும்பப் பெறப்பட்ட அந்தக் கட்டுரை

நீங்கள் ஒரே வார்த்தையைப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். திரும்பப் பெறுதல் என்றால், வெளியான கட்டுரையை இனி நம்ப வேண்டாம் என்று இதழ் அறிவிப்பது. அது எப்போதும் மோசடி என்று பொருள் தராது. ஆய்வகத்தில் தவறான செல்களைப் பயன்படுத்தியது பிறகு தெரிந்து, ஆய்வாளரே முன்வந்து திரும்பப் பெறுவதும் உண்டு. அப்படிச் செய்பவர்மேல் எனக்கு மரியாதை கூடும். படங்களை மாற்றியது, தரவைக் கற்பனை செய்தது ஆகியவற்றுக்காகவும் திரும்பப் பெறப்படும். கட்டுரையோடு ஒரு அறிவிப்பு இருக்கும். யார் கேட்டுத் திரும்பப் பெற்றார்கள், என்ன காரணம் என்று அதில் எழுதியிருப்பார்கள். அதைப் படியுங்கள். அவர் அந்தக் கட்டுரையில் எந்த இடத்தில் இருந்தார், வேறு கட்டுரைகளிலும் இதே பிரச்சினை உண்டா என்பதையும் பாருங்கள். திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைக் கண்காணிக்கும் ரிட்ராக்‌ஷன் வாட்ச் தொகுத்த தரவுத்தளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம்.

இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன், இரண்டும் மார்பகப் புற்றுநோயில் நடந்தவை. தென்னாப்பிரிக்காவில் வெர்னர் பெஸ்வோடா என்ற மருத்துவர், மிக அதிக அளவு கீமோ கொடுத்து ஸ்டெம் செல் மாற்றும் முறை பெரும் பலன் தருகிறது என்று 1995ல் கட்டுரை எழுதினார். பலராலும் மேற்கோள் காட்டப்பட்டது. 1999ல் இன்னொரு ஆய்விலும் பலன் என்றார். அதே மாநாட்டில் மற்றவர்கள் காட்டிய ஆய்வுகளில் பலன் இல்லை. 2000ல் ஒரு குழு நேரில் போய்ப் பதிவேடுகளைச் சோதித்தபோது பொய் வெளிப்பட்டது. 1995ன் கட்டுரை 2001ல் திரும்பப் பெறப்பட்டது. இடையில் உலகெங்கும் ஏராளமான பெண்கள் அந்தக் கொடுமையான சிகிச்சையைத் தாங்கியிருக்கிறார்கள். மேற்கோள் எண்ணிக்கை அவர்களைக் காப்பாற்றவில்லை.

இன்னொன்று: மார்பகத்தை முழுதாக எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்தால் போதும் என்று பெர்னார்ட் ஃபிஷரின் குழு 1985ல் காட்டியது. அதில் பங்கேற்ற மான்ட்ரியால் மருத்துவமனை ஒன்றில் சில தரவுகள் பொய்யாக எழுதப்பட்டது 1994ல் பகிரங்கமானது. அந்த மருத்துவமனையின் நோயாளிகளை நீக்கிவிட்டுக் கணக்குப் போட்டபோதும் அதே முடிவு வந்தது. இன்றும் லட்சக்கணக்கான பெண்களுக்கு மார்பகம் மிஞ்சுவது அந்த ஆய்வால்.

ஆகவே தம்பியிடம் மறைக்காதீர்கள். "இதோ பார், உன் ஆள் மோசடிக்காரர்" என்று ஆரம்பிக்காமல், "இந்த அறிவிப்பை ரெண்டு பேரும் சேர்ந்து படிப்போம்" என்று ஆரம்பியுங்கள்.

அறுவை மருத்துவரிடம் கேட்க வேண்டிய எண்

11 கட்டுரை என்பது அறுவை மருத்துவருக்கு எதிரான சாட்சியும் இல்லை, ஆதரவான சாட்சியும் இல்லை. குறைவாக எழுதுபவர் கைதேர்ந்தவராகத்தான் இருப்பார் என்றும் நினைத்துவிடாதீர்கள். அவரிடம் கேட்க வேண்டியது வேறு.

அப்பாவுக்குச் செய்யப்போவது விப்பிள் அறுவை சிகிச்சை. கணையத்தின் தலை, முன்சிறுகுடல், பித்தக்குழாயின் ஒரு பகுதி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி இணைக்கும் பெரிய வேலை. இதில் பழக்கம் உயிர் காக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இருக்கிறது. 2002ல் அமெரிக்காவில் மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) நோயாளிகளின் பதிவுகளை வைத்து வந்த ஆய்வில், கணையத்தை வெட்டியெடுக்கும் அறுவையை மிக அரிதாகச் செய்யும் மருத்துவமனைகளில் 16.3 சதவீத நோயாளிகள் இறந்தார்கள். அதிகம் செய்யும் மருத்துவமனைகளில் 3.8 சதவீதம். எந்தப் பேராசிரியரின் எச்-இண்டெக்ஸும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் காட்டியதாக நான் பார்த்ததில்லை.

எனவே கூச்சப்படாமல் கேளுங்கள்: "டாக்டர், இந்த மருத்துவமனையில் ஒரு வருடத்தில் எத்தனை விப்பிள் நடக்கிறது? நீங்கள் எத்தனை செய்கிறீர்கள்? 90 நாளுக்குள் எத்தனை பேரை இழந்திருக்கிறீர்கள்? இணைப்பில் கசிவு வந்தால் இரவிலும் கவனிக்க ஐசியுவும் ரேடியாலஜியும் இருக்கிறதா? அப்பாவின் கேஸை அறுவை, கீமோ, கதிரியக்கம், பேத்தாலஜி மருத்துவர்கள் எல்லோரும் சேர்ந்து பேசினார்களா?" நல்ல அறுவை மருத்துவர் இதற்குக் கோபப்படமாட்டார். வருடத்துக்கு ஒன்றிரண்டுதான் செய்கிறோம் என்று பதில் வந்தால், அப்போது மருத்துவமனையை மாற்றுவது பற்றி யோசிக்கலாம், அதுவும் உடனே. தேட வேண்டியது அதிகம் எழுதியவரை இல்லை, அதிகம் செய்தவரை. பேராசிரியரின் மருத்துவமனையே அப்படிப்பட்ட பெரிய மையமாக இருந்து, அங்கே வேறொரு அறுவை மருத்துவரிடம் இரண்டு வாரத்தில் இடம் கிடைத்தால் அது நல்ல வழி. பேராசிரியரின் தேதிக்காகக் காத்திருக்க வேண்டியதே இல்லையே.

அந்த மருந்துப் பரிசோதனை

முதல் கட்டப் பரிசோதனை என்பது பெரும்பாலும் ஒரு மருந்தை எவ்வளவு கொடுத்தால் உடல் தாங்கும் என்று பார்ப்பதற்காக நடத்தப்படுகிறது. பலன் வரக்கூடாது என்றில்லை. பலனை நிரூபிப்பது அதன் முதல் நோக்கம் இல்லை. வழக்கமான சிகிச்சைகள் தீர்ந்தவர்களுக்காகத்தான் அவற்றில் பெரும்பாலானவை வடிவமைக்கப்படுகின்றன. அறுவையில் கட்டியை எடுக்க முடிகிற உங்கள் அப்பா, அதை விட்டுவிட்டு இதற்குப் போக வேண்டும் என்றால் நான் உடன்படமாட்டேன். அறுவையோடு சேர்த்துச் செய்யும் பரிசோதனையாக இருந்தால் வேறு விஷயம், பேசிப் பார்க்கலாம்.

எதுவாக இருந்தாலும் அப்பாவுக்குச் சில உரிமைகள் உண்டு. 1964ல் உலக மருத்துவச் சங்கம் ஹெல்சிங்கியில் எழுதிய நெறிகளில் இருந்து வருபவை அவை. ஒப்புதல் படிவத்தை அவருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும். யோசிக்க நேரம் தர வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகினால் வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது. பரிசோதனையின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, பொதுப் பதிவேட்டில் பாருங்கள். எந்தக் கட்டம், யாரைச் சேர்க்கிறார்கள், யார் பணம் கொடுக்கிறார்கள் எல்லாம் அதில் இருக்கும். மருந்தால் பாதிப்பு வந்தால் செலவை யார் ஏற்பார்கள் என்பதைப் படிவத்தில் காட்டச் சொல்லுங்கள். பதிவு எண் தர மறுத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அப்பா என்ன சொல்கிறார்?

நான்கு பக்கக் கடிதத்தில் நீங்கள் பேசியிருக்கிறீர்கள், தம்பி பேசியிருக்கிறார், அப்பா ஒரு வரிகூடப் பேசவில்லை. அவருக்குத் தன் நோயின் பெயர் தெரியுமா என்றுகூட எனக்குப் புரியவில்லை. தெரியாது என்றால் அதை முதலில் சரிசெய்யுங்கள். வயிறு அவருடையது. இவ்வளவு பெரிய அறுவை, அப்புறம் மாதக்கணக்கில் கீமோ, இதற்கெல்லாம் சம்மதிக்க வேண்டியவர் அவர்தான். அவருக்குத் தன்னிடம் பொறுமையாகப் பேசும் மருத்துவர் வேண்டுமா, வீட்டிலிருந்து போய்வரும் தூரம் முக்கியமா, எதை எதிர்கொள்ளத் தயார், எதற்குத் தயாரில்லை என்று கேளுங்கள். தம்பியின் 400ஐயும் உங்கள் பயத்தையும்விட அந்தப் பதிலுக்கு எடை அதிகம்.

தம்பியோடு சண்டை வேண்டாம். அப்பாவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று துடிக்கும் பிள்ளைக்கு, தேடுவதுதான் கையில் இருக்கும் ஒரே வேலை. அந்த வேலையைப் பயனுள்ளதாக்குங்கள்: பேராசிரியருக்கு எழுதும் பொறுப்பை அவரிடமே கொடுங்கள்.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. அப்பாவின் வயது, மற்ற நோய்கள், அன்றாட வேலைகளைத் தானே செய்கிறாரா என்பது, மஞ்சள் காமாலைக்கு ஸ்டென்ட் (அடைத்த பித்தக்குழாயைத் திறந்துவைக்கும் குழாய்) வைத்தார்களா, காமாலையைக் காட்டும் பிலிருபினின் இப்போதைய அளவு, சிஏ 19-9 என்ற ரத்தப் பரிசோதனையின் அளவு, அறுவைத் தேதி ஆகியவை அதில் இருக்க வேண்டும். ஸ்கேன் அறிக்கையோடு படங்களும் டிஜிட்டல் கோப்பாகப் போக வேண்டும். அறிக்கையை மட்டும் வைத்து யாரும் சரியான கருத்துச் சொல்ல முடியாது. அவற்றின் நகலைக் கேட்பது உங்கள் உரிமை, பயாப்ஸி ஸ்லைடுகளையும் மறுபரிசீலனைக்குக் கேட்டு வாங்கலாம். கேள்விகள் மூன்று போதும்: இந்தக் கட்டிக்கு முதலில் அறுவையா, கீமோவா? அறுவைக்குப் பின் எந்தக் கீமோ? பரம்பரை மரபணுச் சோதனை செய்தாயிற்றா, இல்லையென்றால் எப்போது? கடைசிக் கேள்வி அப்பாவின் சிகிச்சையையும் மாற்றலாம், உங்களுக்கும் தம்பிக்கும் பரிசோதனை தேவையா என்பதையும் சொல்லும். கணையப் புற்றுநோய் வந்த எல்லோருக்கும் இந்தச் சோதனை செய்யச் சொல்லித்தான் இப்போது வழிகாட்டு நெறிகள் பரிந்துரைக்கின்றன.

ஐந்து நாளில் பதில் வந்தால், அதை எடுத்துக்கொண்டு உங்கள் அறுவை மருத்துவரிடம் போய் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசுங்கள். வராவிட்டால், கொடுத்த தேதியில் அப்பாவை அழைத்துக்கொண்டு போய்ச் சேருங்கள்.